மாப்பிள்ளையின் மக்களாட்சியும் எங்கள் லிப்டும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். நலம் என்று தொடங்குவதுதான் முறை என்பதால் தொடங்கியிருக்கிறேன். நிஜமாகவே நலமாக இருந்தால் இந்த வயதில் காகிதமும் பேனாவுமாக நான் ஏன் உட்காரப்போகிறேன்? அங்கே தாங்களும், மாதம் நெருங்கியிருக்கும் என் மகளும் சௌக்கியமா? அவளைப் படி ஏறவிடாதீர்கள். படிகளைப் பற்றி இப்போது எனக்கு நிறையத் தெரியும். எங்கள் ஐந்து மாடியில் எந்தப் படி உடைந்தது, எது வழுக்கும், எதில் நின்று மூச்சு வாங்கினால் யார் வீட்டு நாய் குரைக்கும் என்பது வரைக்கும் அத்துப்படி. இந்த ஞானத்துக்கெல்லாம் காரணம் தாங்கள். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேச முடியாது மாப்பிள்ளை. "வாங்க, உக்காருங்க, சாப்பிடுங்க, சரிங்க" என்ற நான்கு வார்த்தைக்கு மேல் மாப்பிள்ளையிடம் மாமனார் பேசினால் நன்றாக இருக்காது என்று உங்கள் அத்தை கல்யாணத்தன்றே எனக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். உங்கள் குரலைக் கேட்டாலே "சரிங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. தவிர, நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் காலம் தள்ளியவன். வாயால் சொன்ன புகாரை நாங்கள் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியும். எழுதிக் கொடுத்த புகாரையும் அதையேதான் செய்வோம், ஆனால் அதற்குக் கொஞ்சம் எழுந்து நடக்க வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தையாவது தங்களுக்குக் கொடுக்கலாம் என்று எழுதுகிறேன்.

தாங்கள் போன முறை இங்கே வந்திருந்ததை நினைவுபடுத்துகிறேன். உங்கள் அத்தைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த வாரம். அவளை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுவந்து இறக்கியதுதான் எங்கள் லிப்ட் செய்த கடைசி வேலை; அதோடு அது கண்ணை மூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம் போலக் கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம் போட்டோம். எங்கள் கூட்டம் எப்படி என்பதைத் தாங்களே பார்த்தீர்கள். பிளாஸ்டிக் நாற்காலி, வீட்டுக்கு ஒரு கை, சங்கத் தலைவர் தொண்டையைக் கனைத்தால் ஆரம்பம். அவருக்கு 'மைக்' என்று பெயர் வைத்திருக்கிறோம். நிஜ மைக் வாங்கும் செலவு எங்களுக்கு இதுவரை வந்ததில்லை. "நம்ம பழைய மெக்கானிக்கையே கூப்பிட்டு ரிப்பேர் பண்ணிடலாம், யாருக்கும் ஆட்சேபணை இல்லையே?" என்று அவர் முழங்கினார், கைகள் பாதி தூரம் உயர்ந்திருந்தன, டீ இன்னும் ஆறக்கூட இல்லை. அப்போதுதான் தாங்கள் எழுந்து, "ஒரு நிமிஷம்" என்றீர்கள். அந்த ஒரு நிமிஷம் இன்றுவரை முடியவில்லை மாப்பிள்ளை.

"மாமா, யாரு சத்தமா பேசறாங்களோ அவங்க சொல்றதுதான் இங்க முடிவாகுது. பக்கத்துல இருக்கறவர் கையப் பாத்துட்டுத்தான் எல்லாரும் கையத் தூக்கறாங்க. இது மக்களாட்சி இல்ல" என்றீர்கள். நான் "சரிங்க மாப்பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்ல? எனக்குத்தான் நான்கு வார்த்தை. மைக்குக்கு என்ன வந்தது? அந்த மனுஷனாவது ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா? தங்கள் அட்டையில் 'கொள்கை ஆலோசகர்' என்று போட்டிருந்ததைப் பார்த்தார், "இணைய மக்களாட்சி நடக்கற முதல் குடியிருப்பு இதுவாத்தான் இருக்கும்" என்று தாங்கள் சொன்னதைக் கேட்டார், பேப்பரில் தன் படம் எந்தப் பக்கத்தில் வரும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டார். ஆளாளுக்குப் போனில் தங்கள் 'மக்கள் மேடை' செயலி ஏறிக்கொண்டது. லிப்ட் மட்டும் ஏறவில்லை.

தாங்கள் எழுதிய 'இணைய யுகத்தில் மக்களாட்சியை வலுப்படுத்துவது எப்படி' என்ற அறிக்கையையும் போகும்போது கொடுத்துவிட்டுப் போனீர்கள். வாசித்தேன். முதல் முறை வாசித்தபோது புரிந்தது போலிருந்தது. இரண்டாம் முறை வாசித்தேன், அதுவும் போய்விட்டது. இப்போது அது உங்கள் அத்தையின் கட்டிலருகே கிடக்கிறது. காலை நீட்டி உட்காரும்போது முட்டிக்கு அண்டை கொடுக்க வாகாக இருக்கிறது போலும். நல்ல தடிமன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். முதலில் பதிவு. "ஒரு ஆள், ஒரு கணக்கு, போலிக்கு இடமில்லை" என்றீர்கள். போனை முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னது. பிடித்தேன். இடது பக்கம் திரும்பச் சொன்னது. திரும்பினேன். கண் சிமிட்டச் சொன்னது. கட்டின மனைவியைப் பார்த்துக்கூட நான் கண் சிமிட்டியதில்லை, இருந்தாலும் லிப்டுக்காகச் சிமிட்டினேன். கடைசியில் 'புன்னகை செய்யவும்' என்றது. புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஒருவனிடம் இப்படிக் கேட்கலாமா? என்னால் ஆனதைச் செய்தேன். 'உயிருள்ள முகம் என்று உறுதிசெய்ய இயலவில்லை' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. பக்கத்தில் இருந்த உங்கள் அத்தை, "கல்யாண போட்டோவுலயே சிரிக்காத மனுஷன், லிப்டுக்காகவா சிரிக்கப்போறாரு?" என்று சொல்லிவிட்டுத் தன் போனை எடுத்து ஒரு தரம் பார்த்தாள். அவளை உடனே ஏற்றுக்கொண்டுவிட்டது. நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு மைக் முதல் மாடியிலிருந்து மூச்சிரைக்க ஏறி வந்து தன் போனில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஒரு கை என்று கச்சிதமாக இருந்ததை ஆளுக்கொரு ஓட்டு என்று ஆக்கினீர்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஓட்டு என்றீர்கள். இன்றைக்கு வந்து நாளைக்குப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு எங்கள் லிப்டைப் பற்றி என்ன கவலை? இதையும் கேட்க நினைத்தேன். "சரிங்க" என்றுதான் வந்தது.

அடுத்தது விவாதம். ஓட்டுப் போடுவதற்கு முன்னால் எல்லோரும் ஆற அமரக் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது தங்கள் விதி. 'லிப்ட்' என்ற தலைப்பைத் திறந்தார்கள். முதல் கருத்து, லிப்டுக்குள் ஈரம் செய்தது யார் வீட்டு நாய் என்பது. அடுத்த பத்து நாள் அதிலேயே போயிற்று. நாய்க்காரர்கள் ஒரு கட்சி, நாயில்லாதவர்கள் ஒரு கட்சி, பூனை வைத்திருப்பவர் மட்டும் நடுநிலை. பொறுக்கமுடியாமல் நான் உள்ளே நுழைந்து, 'இந்த லிப்டை இப்படி நாசமாக்கியவன் எவனோ, அவனை ஐந்து மாடியும் ஏற்றி இறக்கினால்தான் புத்தி வரும்' என்று எழுதினேன். வன்முறையைத் தூண்டும் கருத்து என்று தங்கள் கண்காணிப்பு இயந்திரம் என் வாயை அடைத்துவிட்டது. படியேறுவது வன்முறையாம் மாப்பிள்ளை! அப்படியானால் தினமும் பால் வாங்கப் போய்வருகிறேனே, அந்த வன்முறையை யார் தட்டிக் கேட்பது?

மேல்முறையீடு செய்யலாம் என்று போட்டிருந்தது. செய்தேன். குடியிருப்பவர்களில் மூன்று பேரைக் குலுக்கல் முறையில் எடுத்து நடுவர் குழு அமைப்பது தங்கள் ஏற்பாடு. செல்வாக்கு உள்ளவர்கள் புகுந்துவிடக் கூடாதாம். குலுக்கலில் வந்த முதல் ஆள், வீட்டைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருப்பவர். இரண்டாவது ஆள், இரண்டாவது மாடிப் பல் டாக்டர். மூன்றாவது ஆள் நான். என் வழக்கை நானே விசாரிப்பது முறையல்ல என்பதால் விலகிக்கொள்ளும்படி என்னை இயந்திரம் கேட்டுக்கொண்டது. விலகினேன். வெளிநாட்டுக்காரர் பதிலே போடவில்லை. பல் டாக்டரிடம் நேரிலேயே போய் நின்றேன். "மத்தவங்கள வாயத் திறக்கச் சொல்லித்தான் சார் எனக்குப் பழக்கம். என் வாயத் திறக்க வைக்காதீங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

நான் வாய் மூடியிருந்த வாரத்தில் இன்னொரு கூத்து. லிப்ட் வாசலில் 'லிப்ட் ஓடவில்லை' என்று காவலாளி ஒரு அட்டை தொங்கவிட்டிருந்தார். யாரோ அதைப் படம் எடுத்து மேடையில் போட்டார்கள். 'சரிபார்க்கப்படாத தகவல்' என்று அதன் மேல் மஞ்சள் பட்டை ஒட்டிக்கொண்டது. சம்பந்தமில்லாத இரண்டு பேர் உறுதிசெய்தால்தான் பட்டை போகுமாம். லிப்டுக்குச் சம்பந்தமில்லாதவர் எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்துக் காவலாளி ஒருவர்தான், அட்டை எழுதியதே அவர். மஞ்சள் பட்டையைப் பார்த்துவிட்டு நாலாவது மாடிக்காரர் ஒருவர், லிப்ட் ஓடுகிறதோ என்னவோ என்று பெட்டியும் கையுமாக அரை மணி நேரம் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றார். கண்ணால் பார்த்ததை நம்பிக்கொண்டிருந்த மனுஷர்களை இந்தக் கதிக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

இதற்கு நடுவில் போலிக்குரல் ஒன்று சுற்றியது. மைக் பேசுவது போலவே ஒரு பதிவு: 'லிப்ட் சரியாகிவிட்டது, சிரமத்துக்கு மன்னிக்கவும்' என்று. எந்த வேலையற்ற வீணன் செய்தானோ தெரியவில்லை. இது போலியா என்று கண்டுபிடிக்கத் தாங்கள் ஏற்கெனவே ஒரு கருவியை அனுப்பி வைத்திருந்தீர்கள். அது 'எழுபது சதவீதம் உண்மைக் குரல்' என்றது. எங்களுக்கு முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. மைக் மெதுவாகப் பேசியிருந்தார், மன்னிப்பு வேறு கேட்டிருந்தார்.

கடைசியாக, எல்லோருடைய கருத்தையும் இயந்திரம் பிழிந்து சாறெடுத்து ஒரு சுருக்கம் கொடுத்தது. அதை அப்படியே எழுதுகிறேன், தங்கள் அலுவலகச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்: 'குடியிருப்பவர்களில் பலர் மேல்நோக்கிச் செல்ல விரும்புகின்றனர். எனினும் கீழ்நோக்கிச் செல்வதற்கும் கணிசமான ஆதரவு காணப்படுகிறது. இரு தரப்பும் சந்திக்கக்கூடிய பொதுவான தளம் மூன்றாவது மாடியாக இருக்கலாம்.' இதைப் படித்துவிட்டு மைக் என்னைப் பார்த்தார். "உங்க மாப்பிள்ளை நல்லா படிச்சவர்தானே சார்?" என்று கேட்டார். அவர் அப்படித் தணிந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு மானம் போயிற்று.

ஒருவழியாக ஓட்டெடுப்பு வந்தது. அதிலும் தங்கள் கைவரிசை. நேரமில்லாதவர்கள், விவரம் தெரியாதவர்கள் தம் ஓட்டைத் தாம் நம்பும் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அவர் அதைத் தான் நம்பும் இன்னொருவரிடம் ஒப்படைக்கலாம். எனக்கு இந்த ஒன்றுதான் பிடித்தது, ஏனென்றால் அதோடு அந்தப் போனை மூடிவைக்கலாம். என் ஓட்டை மைக்கிடம் கொடுத்தேன். ரிப்பேர் பக்கம் அவரைவிடச் சத்தமான ஆள் யார்? இடையில் பெயர் சொல்ல விரும்பாத ஏதோ ஒரு மகானுபாவன், 'பழைய லிப்டைக் கழற்றிவிட்டு அகலமான கதவுள்ள புது லிப்ட் போட வேண்டும்' என்று ஒரு யோசனையைச் செருகியிருந்தான். பெயர் சொல்லாமல் யோசனை வைக்கலாம் என்பதும் தாங்கள் கொடுத்த சலுகைதான். புது லிப்டாம், அகலக் கதவாம், ஊர்வலம் போகப்போகிறானா? ரிப்பேர் என்றால் ஒரு வாரத்தில் ஓடும். புது லிப்ட் என்றால் பேறுகாலம் முடிந்து குழந்தை தவழ ஆரம்பித்துவிடும். எல்லோருக்கும் இது தெரியும் என்று நிம்மதியாக இருந்தேன். முடிவு வந்தது. ரிப்பேர் தோற்றுவிட்டது. சும்மா தோற்கவில்லை, மண்ணைக் கவ்வியது.

யார் எப்படிப் போட்டார்கள் என்று கேட்டால் ரகசியமாம், பூட்டு போட்டிருக்கிறதாம், தங்களாலேயே திறக்க முடியாதாம். தலைவர் நொறுங்கிப் போனார். அன்றிலிருந்து தினமும் மத்தியானம் முதல் மாடியில் அவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் இருவரும் ஆராய்கிறோம். "வெளிநாட்டுச் சதியா இருக்குமா சார்?" என்கிறார். "எதிர்க் கட்டடத்துக்காரங்க உள்ள புகுந்திருப்பாங்களோ?" என்கிறார். பூனைக்காரர் மேல்கூட எங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மைக்கின் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போகிறாள். பாவம், கணவன் படும் பாட்டைப் பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறாள்.

மாப்பிள்ளை, இவ்வளவு நேரம் கேலியாக எழுதினேன், இனிமேல் முடியவில்லை. உங்கள் அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். பெண்ணுக்குத் தலைப்பிரசவம், அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்த காலோடு ஐந்து மாடி எப்படி இறங்குவாள்? நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்கலாம் என்று ஒரு நாள் மெல்லச் சொன்னேன். "நான் என்ன பீரோவா?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பால்கனியில் உட்கார்ந்து கையில் போனை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடியே இருக்கிறாள். பொழுது போகாமல் மகளின் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கிறேன். கட்டடத்துப் பெண்கள் ஒருவர் மாற்றி ஒருவர் மூச்சிரைக்க ஏறி வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கும் தையல்காரம்மா கிட்டத்தட்ட தினமும் வருகிறாள். நான் உள்ளே நுழைந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். என் எதிரில் அழ வேண்டாமே என்றுதான். லிப்டைப் பற்றி ஒரு நாளாவது அவள் என்னிடம் கேட்டதில்லை, குறை சொன்னதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

ஆகவே மாமனார் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், கட்டளை என்றே வைத்துக்கொள்ளுங்கள்: தங்கள் மக்கள் மேடையை எங்கள் கட்டடத்திலிருந்து உடனே கழற்றிக்கொண்டு போகவும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டு, மைக் ஒரு கத்து கத்தி, நாங்கள் கையைத் தூக்கி, திங்கட்கிழமை மெக்கானிக் வந்துவிடுவான். மக்களாட்சியைப் பலப்படுத்த வேண்டுமானால் அது ஏற்கெனவே பலமாக இல்லாத இடமாகப் பார்த்துப் பலப்படுத்தவும். எங்களுடையது நன்றாகத்தான் இருந்தது. இதற்கு "பரிசீலிக்கிறோம்" என்று மட்டும் பதில் போட்டுவிடாதீர்கள். அந்த வார்த்தையைப் பல்லாயிரம் பேருக்கு எழுதிக் கொடுத்தவன் நான்.

மகளுக்கு என் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். பிறக்கப்போகும் பேரனோ பேத்தியோ யார் சாயலில் வேண்டுமானாலும் பிறக்கட்டும், சிரிக்கத் தெரிந்த முகமாகப் பிறக்கட்டும். இந்தக் காலத்தில் அதில்லாவிட்டால் உயிரோடு இருப்பதையே நிரூபிக்க முடியவில்லை. தங்கள் தாயார் தகப்பனாருக்கு எங்கள் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நலத்தை இன்னமும் விரும்பும்
மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை, "அவருக்கு என்ன எழுதியிருக்கீங்க, படிங்க" என்றாள். படித்தேன். முகம் பதிவான இடத்தில் சிரித்தாள். சுருக்கம் வந்த இடத்தில் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ரிப்பேர் தோற்ற இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. "அந்த மகானுபாவன் நான்தாங்க" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கும்படி அவளே சொன்னாள். தையல்காரம்மாவின் மகள் சக்கர நாற்காலியில் இருக்கிறாளாம். பழைய லிப்டின் கதவுக்குள் அந்த நாற்காலி நுழையாது. ஓடிய காலத்திலும் நுழைந்ததில்லை. அந்தப் பெண் பல வருஷமாக அம்மாவின் முதுகில்தான் இறங்கி ஏறுகிறாள். "அதே மெக்கானிக் வந்து நோண்டினா மூணு மாசம் ஓடும், அப்புறம் நிக்கும். அதுலயே சங்கத்துக் காசு கரைஞ்சுடும், புது லிப்ட் பேச்சையே யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள். இதை ஏன் இத்தனை வருஷமாக யாரும் கூட்டத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவங்க வாடகைக்கு இருக்கறவங்க. எந்தக் கையத் தூக்குவாங்க?" என்றாள். நீயாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "நம்ம வீட்டுக் கைய நீங்கல்ல எடுத்துட்டுப் போயிடுவீங்க? ஒரு தரமாவது எதுக்குத் தூக்கட்டும்னு கேட்டுட்டுப் போனீங்களா?" என்றாள். நான் கேட்டதில்லை மாப்பிள்ளை.

காலை நீட்டிப் படுத்திருந்த நாட்களில் தங்கள் அறிக்கையை முழுக்க வாசித்திருக்கிறாள். புரியாத இடங்களைத் தங்களிடமே போனில் கேட்டாளாமே? "உங்களுக்குத்தான் அவர்கிட்ட பேச நாலு வார்த்தை. எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல" என்கிறாள். ஆறுதல் சொல்ல வந்த பெண்களெல்லாம் ஓட்டைக் கொடுக்க வந்தவர்களாம். இதையாவது தாங்கிக்கொள்வேன். மைக் எந்த ஓட்டையும் தானே போடவில்லையாம். போனைத் தொட அவருக்கு அலுப்பு. தன்னிடம் வந்ததையெல்லாம் மொத்தமாகத் தன் மனைவியிடம் ஒப்படைத்துவிட்டார். டீ கொண்டுவந்து வைத்தாளே, அவள் அத்தனையையும் உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டாள். ஆக, ரிப்பேருக்காக நான் அனுப்பி வைத்த என் ஓட்டு முதல் மாடி வரைக்கும் இறங்கி, மறுபடி ஐந்தாவது மாடிக்கு ஏறி, என் வீட்டுச் சமையலறைக்கே வந்து சேர்ந்து, ரிப்பேருக்கு எதிராக விழுந்திருக்கிறது.

"அதெல்லாம் இருக்கட்டும், பிரசவத்துக்கு எப்படிப் போவ?" என்று கத்தினேன். "நடந்துதான். நீங்க ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கிட்டு என் முட்டியப் பத்திக் கவலப்பட்டுட்டு இருந்த நேரத்துல நான் மூணாவது மாடி வரைக்கும் இறங்கி ஏறிப் பழகிட்டேன். பைய மட்டும் நீங்க தூக்கிட்டு வாங்க" என்றாள். அடுத்த வாரம் வருகிறோம். டாக்டரும் நடக்கலாம் என்று சொல்லிவிட்டாராம். அதுவும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

ஆகவே மேலே எழுதியவை எதையும் செய்ய வேண்டாம். மேடை இருக்கட்டும். மஞ்சள் பட்டையையும் அந்தச் சுருக்கம் எழுதும் சனியனையும் மட்டும் எடுத்துவிடுங்கள், அந்த இரண்டிலும் என் கருத்து மாறவில்லை. ஆனால் ஒரு விஷயத்துக்கு அவசரமாகப் பதில் வேண்டும். அடுத்த மாதம் சங்கத் தலைவர் தேர்தல். மைக்கை எதிர்த்து உங்கள் அத்தை நிற்கிறாள். சற்று முன் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "உங்க ஓட்டு எனக்குத்தானே?" என்று கேட்டாள். "அதுதான் ஏற்கெனவே உன்கிட்ட இருக்கே" என்றேன். "இருக்கு. இருந்தாலும் கேக்கணும்ல?" என்றாள். கொடுத்த ஓட்டைத் திரும்ப வாங்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் மாப்பிள்ளை? அவளுக்கே போடத்தான். ஆனால் அதை நானே போட வேண்டும்.